கடல்சார் எண்ணெய்த் துளைப்பும் தாக்க மதிப்பீட்டின் குறைபாடுகளும்: மெக்சிகோ வளைகுடாவை முன்வைத்து

முன்னுரை

கடலடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் திட்டம் ஒன்றினால் இயற்கைக்கும் மக்கள் வாழ்வுக்கும் நேரக்கூடிய விளைவுகளை முன்கூட்டியே கணிப்பது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஆகும். அம்மதிப்பீடு எங்கே பிழைபடுகிறது என்பதை அறிய, 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் நிகழ்ந்த ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ விபத்து தக்க சான்றாகும். லூசியானா கரைக்கு அப்பால் சுமார் 1,500 மீட்டர் ஆழ நீரில் துளைக்கப்பட்ட மக்கோண்டோ கிணற்றிலிருந்து வாயு பீறிட்டுத் தீப்பற்றியதில் தொழிலாளர் 11 பேர் உயிரிழந்தனர். 87 நாட்கள் எண்ணெய் கடலில் கலந்தது. விபத்தின் பொறியியற் காரணங்களை விடுத்து, அதற்கு முன்னும் பின்னும் செய்யப்பட்ட மதிப்பீடுகளை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விபத்துக்கு முந்தைய மதிப்பீடு

மக்கோண்டோ உற்பத்திக் கிணறு அன்று. எண்ணெய் உளதா எனக் காணத் துளைக்கப்பட்ட ஆய்வுக் கிணறு. இவ்வேறுபாடு முதன்மையானது. பெரும் பாதிப்புக்கு வாய்ப்பில்லாத வழக்கமான பணிகளுக்கென அமெரிக்கச் சட்டத்தில் ‘வகைசார் விலக்கு’ என்னும் ஏற்பாடு உண்டு. 2009இல் கனிம மேலாண்மைத் துறை இவ்விலக்கையே மக்கோண்டோவுக்கு அளித்தது. அதனால் இக்கிணற்றுக்கெனத் தனியே விரிவான மதிப்பீடு செய்யப்படவில்லை. எண்ணெய் நிறுவனங்களைக் கண்காணித்த இத்துறையே அவற்றிடமிருந்து அரசுக்குரிய உரிமத்தொகையையும் வசூலித்து வந்தது. விபத்துக்குப் பின்னரே இப்பணிகள் வெவ்வேறு அமைப்புகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டன.

பிபி நிறுவனம் அளித்திருந்த எண்ணெய்க் கசிவு எதிர்கொள்ளல் திட்டம் இதனினும் வியப்புக்குரியது. வளைகுடாவில் பாதிப்புறக்கூடிய உயிரினங்களின் பட்டியலில் வால்ரஸ் இடம்பெற்றிருந்தது. வால்ரஸ் வடதுருவக் கடலுக்கு உரியது. மெக்சிகோ வளைகுடாவில் வாழ்வதில்லை. ஆவணத்தை எழுதியோரும் அதற்கு ஒப்புதல் அளித்தோரும் அதைப் படித்தனரா என்னும் ஐயம் இயல்பாகவே எழுகிறது.

அடிநிலைத் தரவின் இன்மை

பாதிப்பை அளக்க, பாதிப்புக்கு முந்தைய நிலை தெரிந்திருத்தல் வேண்டும். இதுவே அடிநிலைத் தரவு எனப்படும். 2011இல் லூசியானாவின் பரட்டாரியா விரிகுடாவில் டால்பின்களைப் பரிசோதித்த ஆய்வாளர்கள் நுரையீரல் நோயையும் அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டையும் கண்டறிந்தனர். ஆயின் அதே டால்பின்களின் முந்தைய உடல்நிலை பற்றிய ஒப்பிடத்தக்க பதிவுகள் அவர்களிடம் இல்லை. எனவே, எண்ணெய் சென்றடையாததும் 1970 முதல் டால்பின்கள் ஆராயப்பட்டு வருவதுமான புளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவோடு ஒப்பிட்டனர். ஒப்பீடு வலுவானதே, எனினும் வேறோர் இடத்தைக் கொண்டு ஓரிடத்தின் இழப்பை அளக்க நேர்ந்தது.

எண்ணெயின் அளவும் இவ்வாறே சிக்கலுக்கு உள்ளாயிற்று. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் எனவும் பின்னர் 5,000 எனவும் கூறப்பட்டது. இறுதியில் அரசின் அறிவியற்குழு 53,000 முதல் 62,000 வரை எனக் கணித்து, மொத்த வெளியேற்றம் ஏறத்தாழ 49 இலட்சம் பீப்பாய் என்றது. 2015இல் நீதிமன்றமோ கடலில் கலந்தது 31.9 இலட்சம் பீப்பாய் எனத் தீர்மானித்தது. தண்டத்தொகையின் உச்சவரம்பு பீப்பாய்க் கணக்கைச் சார்ந்ததாதலின் இவ்வெண்கள் வெறும் அறிவியல் விவாதத்திற்கு உரியவை அல்ல.

வாழ்வாதார இழப்பு

கூட்டரசின் கட்டுப்பாட்டிலுள்ள வளைகுடாக் கடற்பரப்பில், உச்சநிலையில், ஏறத்தாழ 37 விழுக்காடு மீன்பிடிக்கு மூடப்பட்டது. இழப்பீடு கோரியோர் வருமானச் சான்று காட்ட வேண்டியிருந்தது. பிடித்த இறாலில் ஒரு பகுதியை வீட்டுக்கும் உறவினர்க்கும் எடுத்துச் செல்வது அங்குள்ள வியட்நாமிய மீனவர் குடும்பங்களின் வழக்கம். கடையில் வாங்காத அந்த உணவுக்கு இரசீது ஏது? சிறு படகினர் ரொக்கத்திற்கு விற்ற மீனுக்கும் இந்நிலையே. கணக்கேட்டில் ஏறாத வருமானம் மதிப்பீட்டிலும் ஏறுவது கடினம்.

எண்ணெய்த்தொழிலையும் மீன்பிடியையும் எதிரெதிராக நிறுத்துவதும் இங்குப் பொருந்தாது. லூசியானாவின் மார்கன் சிட்டியில் இறாலுக்கும் பெட்ரோலியத்துக்கும் சேர்த்தே ஆண்டுதோறும் விழா எடுக்கப்படுகிறது. விபத்தையொட்டி ஆழ்கடல் துளைப்புக்கு 2010 மே முதல் அக்டோபர் வரை விதிக்கப்பட்ட தடையை அம்மாநில அரசே எதிர்த்தது. கடலைச் சார்ந்த ஒரே வட்டாரம், எண்ணெய் கொட்டியதாலும் துளைப்பு நின்றதாலும் இருமுறை இழந்தது. துறைவாரியாகப் பிரித்துக் கூட்டும் பொருளாதாரக் கணிப்பில் இவ்விரட்டை இழப்பு புலப்படுவதில்லை.

இந்தியச் சூழல்

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2020 சனவரி 16 அன்று திருத்தப்பட்டது. அதன்படி நிலத்திலும் கடலிலும் நடைபெறும் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகள் ‘பி2’ பிரிவுக்கு மாற்றப்பட்டன. இப்பிரிவில் தாக்க மதிப்பீட்டு அறிக்கையோ மக்கள் கருத்துக்கேட்போ தேவையில்லை. உற்பத்தி நிலையில் மட்டும் இவை கட்டாயம். ஆய்வுத் துளைப்பு தீங்கற்றது என்னும் கருதுகோளே இதன் அடிப்படை. மக்கோண்டோவுக்கு விலக்கு அளிக்கப்பட்டபோதும் ஏறக்குறைய இதே கருதுகோள்தான் நிலவியது.

கரையிலேயே ஏலமிட்டு, பிடிப்பைப் பங்காகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமுடைய தமிழகக் கடற்கரையில் இது தனிக்கவனத்திற்கு உரியது. கருத்துக்கேட்பு இல்லாதவிடத்து அவ்வழக்கங்கள் துளைப்புக்கு முன் பதிவாகும் வாய்ப்பும் குறைகிறது. காவிரிப் படுகையின் வேளாண் நிலங்களில் புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளைத் தமிழ்நாடு அரசு 2020இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்கிறது. அதே படுகை கடலுக்கடியிலும் நீள்கிறது. சட்டத்தின் வரம்போ நிலத்தோடு நின்றுவிடுகிறது.