ஆயாக் கொட்டகை இல்லாத ஊரில் கைக்குழந்தை

அன்று ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர்கள் விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டியிருந்தது. கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போய்விடும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்த பாட்டிமார் பலர் அங்கே கட்டிய சேலைத் தொட்டில்களில் வளர்ந்தவர்கள்தான். இன்று சி ரூசா கடற்கரை ஹோட்டலில் ஷிப்ட் பார்க்கும் தாய்க்கு இரண்டே வழி: தெரிந்த அக்கா வீடு, இல்லையென்றால் தாஸ்கா என்கிற குழந்தைக் காப்பகம். 2023 முதல் பிரசவ விடுமுறை 98 நாள். பிள்ளைக்குக் கழுத்து நிற்கத் தொடங்கும்போதே இதை முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

ஒருவர் கையில் எத்தனை பிள்ளை?

கட்டணத்தை அப்புறம் கேட்கலாம். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு பேரோ அதற்கு மேலோ, வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்து கட்டணத்துக்கு வளரும் இடம் சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்டவர்கள் என்றால் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். காலையில் பிள்ளையை விடும் நேரத்தில் எல்லாரும் வாசலில் சிரித்தபடி நிற்பார்கள். மதியச் சமையல் நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். அடுப்படியில் இருப்பவரையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்பது அப்போது தெரியும்.

தூக்கமும் பாலும்

கைக்குழந்தையை மல்லாத்தி, தலையணை இல்லாத கெட்டி மெத்தையில் படுக்க வைப்பதே பாதுகாப்பு. ஸ்பிரிங் தொட்டில் நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். துணி மடிப்பில் தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழாய் அடைபடும். பிள்ளை அழக்கூட முடியாது. பால் புட்டியைத் துணியில் முட்டுக்கொடுத்து வாயில் வைத்துவிட்டு நகர்கிற இடமும் வேண்டாம். பால் புரையேற ஒரு நிமிடம் போதும்.

காய்ச்சல் வந்த பிள்ளை

கை, கால், வாய் நோய் பொம்மையிலும் எச்சிலிலும் பரவும். கொப்புளம் காயும்வரை பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அனுப்புவோம் என்றால் நமக்குத்தான் லீவு போகும். இருந்தும் அதுதான் நல்ல தாஸ்கா. தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான். அதுவரை உங்கள் பிள்ளைக்குக் காவல் மற்றப் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசி. தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காத இடத்தில் நான் தயங்குவேன்.

அக்கா வீடு

மூன்று பிள்ளை வரை பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் பதிவு தேவையில்லை. அதற்காகக் கேள்விகளைக் குறைக்காதீர்கள். வீட்டில் யார் புகைக்கிறார்கள்? அக்கா கடைக்குப் போனால் பிள்ளை யாரிடம்? மாலையில் உடை மாற்றும்போது காரணம் சொல்ல முடியாத கன்றலோ, தொட்டால் வீரிட்டு அழும் கையோ கண்டால், உறவு கெடுமே என்று பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தாலியான் காசே உதவித் தொலைபேசியின் 15999 எண்ணில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.