பட்டாளம் விட்டு வந்தபின் – 9: ஏப்ரலுக்கு வாங்க

பென்ஷனைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். "அதுல குறையே இல்ல தம்பி, மாசம் பொறந்தா பேங்க்ல விழுந்துடுது" என்றார் ஓர் ஓய்வுபெற்ற ஹவில்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுதான் சில மாசம் செல்லுது, சில மாசம் செல்ல மாட்டேங்குது."

அது ஈ.சி.எச்.எஸ். கார்டு. முன்னாள் படைவீரர்களுக்கான இந்த மருத்துவத் திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. சேரும்போது ஒருமுறை பணம் கட்ட வேண்டும். 2017 கடைசியில் மாற்றிய விகிதப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயிப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. அதனால் யாராவது இதை இலவசம் என்றால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது.

நாடு முழுக்க 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. அங்கே டாக்டர் பார்த்து ரெஃபரல் எழுதிக் கொடுப்பார். அதோடு, திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைக்குப் போனால் கைக்காசு தராமல் சிகிச்சை. பில் ஆன்லைனில் போகும். சரிபார்த்து அரசு பணம் அனுப்பும். அனுப்ப வேண்டும். பாக்கி ஏறிக்கொண்டே போனால் மருத்துவமனைக்காரர்கள் சண்டை போடுவதில்லை. பெட் காலி இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஹவில்தார் முழங்கால் ஆபரேஷனுக்காகப் போனது ஒரு ஜனவரி மாதம். "புது ஃபண்டு வரட்டும், ஏப்ரலுக்கு வாங்க" என்றார்களாம். "முட்டி வலி மார்ச்சோட நின்னுடுமா தம்பி?"

அவருடைய முட்டிக்கும் டெல்லியில் பிப்ரவரியில் போடுகிற கணக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2023-24 பட்ஜெட்டில் இத்திட்டத்துக்கு ஒதுக்கியது 5,431 கோடி ரூபாய். அது போதாமல் திருத்திய மதிப்பீட்டில் சுமார் 70 சதவீதம் கூட்டினார்கள். அதாவது தேவை 9,000 கோடியைத் தாண்டியது. அடுத்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு தெரியுமா? 6,968 கோடி. இதை 28 சதவீத உயர்வு என்று அறிவித்தார்கள். பொய்யில்லை, பழைய பட்ஜெட் தொகையோடு ஒப்பிட்டால் உயர்வுதான். திருத்திய தொகையோடு ஒப்பிட்டால் 2,000 கோடிக்கு மேல் வெட்டு! 2025-26-ல் 8,317 கோடி. அதுவும் அந்த 9,000 கோடியை எட்டவில்லை.

கூட்டிய தொகையில் பழைய பாக்கியும் சேர்ந்திருக்குமே என்று அதிகாரிகள் சொல்லலாம். சரி, பாக்கி விழுந்தது எதனால்? 2015-லேயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இத்திட்டத்தை ஆராய்ந்து, பில் தாமதத்தையும் மருந்துத் தட்டுப்பாட்டையும் எழுதி வைத்துவிட்டார்.

இந்தச் செலவு திடீரென்று முளைப்பதுமில்லை. சிப்பாய் பெரும்பாலும் 40 வயதுக்கு முன்னே பின்னே சீருடையைக் கழற்றிவிடுகிறார். அதன்பின் அவருக்கு எத்தனை வருட வாழ்க்கை இருக்கிறது, மனைவிக்கும் சேர்த்து! 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் தெருவுக்குத் தெரு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எத்தனை பேர் எந்த ஆண்டு ஓய்வு பெறுவார்கள் என்பது ராணுவத்துக்கு முன்கூட்டியே தெரியும்.

பென்ஷனுக்குப் பணம் போதவில்லை, ஏப்ரலில் வாருங்கள் என்று எந்த அரசும் சொல்லத் துணியாது. வைத்தியச் செலவையும் அந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. போன ஆண்டு உண்மையில் ஆன செலவு, நிலுவை, புதிதாகச் சேர்வோர், மூன்றையும் கூட்டித் தொடக்கத்திலேயே ஒதுக்கட்டும். அமெரிக்காவிலும் இந்த இழுபறி இருந்தது. படைவீரர் மருத்துவத்துக்கான நிதியை ஓராண்டு முன்னதாகவே ஒதுக்கிவிட அங்கே 2009-ல் சட்டம் போட்டார்கள். அதனால் அங்கே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பட்ஜெட் சண்டைக்காக வைத்தியம் காத்திருக்கும் நிலை குறைந்தது.

ஹவில்தார் ஏப்ரலில் போனாரா என்று கேட்டேன். போயிருக்கிறார். பெட் இருந்தது. ஜனவரியில் வாங்கிய ரெஃபரலுக்குத்தான் கெடு முடிந்திருந்தது. மறுபடி பாலிகிளினிக், மறுபடி காலை ஏழு மணிக்கு வரிசை. "டோக்கன் நம்பர் 43" என்றார். அது மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

(தொடரும்)