குளம் பெருகினால் வசந்தம்

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சித்திரை என்றால் தார் ரோடு உருகும். சுற்றுவட்டாரக் குளங்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பூவையும் பறவையையும் ஒருசேரப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தை, மாசியிலேயே கிளம்பிவிட வேண்டும். இந்தச் சீமையில் வசந்தத்தைக் கொண்டுவருவது வெயில் அல்ல, ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை.

இங்கிருந்து பாளையங்கோட்டை, மூலைக்கரைப்பட்டி வழியாகப் பறவைகளின் ஊரான கூந்தன்குளம் சுமார் 35 கி.மீ. போகிற வழியில் செம்மண் காட்டோரம் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். வண்டியை நிறுத்திக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே கூலி. அதுவும் நுனியில் சிறு துளை மட்டுமே உள்ள மகரந்தப்பைக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் பொடி உதிரும். அப்போது எழும் ரீங்காரத்தைப் பக்கத்தில் நின்றால் காதால் கேட்கலாம்.

1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளம் சுமார் 129 ஹெக்டேர். இன்று ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. குளத்தைவிட ஊர்தான் எனக்கு அதிசயம். வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் நாற்றமும் சொல்லி மாளாது. ஆனாலும் யாரும் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி போடுவதுமில்லை. பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது நம்பிக்கை. எச்சத்தின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் குளத்துத் தண்ணீரோடு வயலுக்குத்தானே பாய்கின்றன!

இந்த நாரை மீனைக் கண்ணால் தேடுவதில்லை. அலகைப் பாதி திறந்து கலங்கல் நீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கிளறியபடி நடக்கும். மீன் அலகில் பட்ட கணமே படக்கென்று மூடிக்கொள்ளும். மீன் நெருக்கமாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். தைக்குப் பிறகு தண்ணீர் வற்ற வற்ற, எஞ்சிய நீரில் மீன்கள் நெருங்கிச் சேர்கின்றன. கூட்டில் குஞ்சுகள் பசிக்குக் கத்துவதும் அப்போதுதான்.

பட்டைத்தலை வாத்துகளுக்குக் கூந்தன்குளம் பனிக்காலப் புகலிடம். மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைக் கடந்து வருபவை. 7,000 மீட்டருக்கு மேலும் பறந்தது பதிவாகியிருக்கிறது. அவற்றின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இறுகப் பற்றுவதால், மெல்லிய காற்றிலும் தாக்குப்பிடிக்கின்றன. பங்குனி வெயில் ஏறுமுன் ஊர் திரும்பிவிடும்.

ஆற்றோரம்தான் வேண்டும் என்றால், கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் நாரையும் கொக்கும் அடைகின்றன. அந்த 2.84 ஹெக்டேரை 2005இல் பறவைகள் காப்பகமாக அரசு அறிவித்தது. சின்ன இடம்தான், கோயிலுக்குப் போகிற சாக்கில் பார்த்துவிடலாம்.

கூட்டத்தோடு கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு, தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நடந்துவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நல்ல வாய்ப்பு. தன்னார்வலர்களும் சேரலாம். தொப்பியும் பைனாகுலரும் போதும்; பளிச்சென்ற சட்டை மட்டும் வேண்டாம்.