குதிரைக்கும் படுக்கை வேண்டும்: ஒரு லாயத்தின் மாதக் கணக்கு

வீட்டில் குதிரை இருக்கிறது என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "தீனிக்கு எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். அது படுக்க எவ்வளவு ஆகும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் குதிரை வந்த நான்காவது மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை வந்தது.

என் அப்பா முப்பது வருடம் பந்தய லாயங்களில் சைஸ் வேலை பார்த்தவர். குதிரையைக் குளிப்பாட்டுவது, தேய்ப்பது, தீனி வைப்பது, லாயம் கூட்டுவது எல்லாம் சைஸின் வேலை. பினாங்கில் அந்த வேலையைத் தலைமுறையாகச் செய்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பும் மறு ஆண்டு பந்தயத்தை நிறுத்தியது. பந்தயம் நின்றால் மனிதர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், குதிரை என்ன செய்யும்? ஓடாத குதிரைக்கு ஆள் கிடைப்பது கடினம். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், "எடுத்துக்கொள்கிறாயா? காசு வேண்டாம்" என்று கேட்க, பதினோரு வயதுக் காயடித்த ஆண் குதிரை ஒன்று லோரியில் ஏறிப் பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்துவிட்டது. மாச்சாங் பூபோக் பக்கம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பழைய ஆட்டுக் கொட்டகையை இடித்து, சிமெண்டுத் தரை போட்டு, 12 அடிக்கு 12 அடியில் ஒரு லாயம் கட்டினோம்.

காசு வேண்டாம் என்று வருவதுதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும். நான் பிறை தொழிற்பேட்டையில் கணக்கு எழுதுகிறவள், இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சண்டைக்கு வருகிறேன். தீனி, லாடம் அடிப்பவர், பூச்சி மருந்து எல்லாம் நாங்கள் எதிர்பார்த்த அளவில்தான் இருந்தன. லாயத் தரையில் போடும் படுக்கை மட்டும் எங்கள் கைக்குள் அடங்கவில்லை. "மாமா ஆசைப்பட்டார், சரி. ஆனால் தீபாவளிக்குள் இந்தச் செலவு ஒரு கட்டுக்குள் வரவில்லை என்றால் குதிரையை யாரிடமாவது கொடுத்துவிடலாம்" என்றார் என் கணவர். அப்பா பதில் பேசவில்லை. சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று இரவுதான் நான் ஒரு நோட்டை எடுத்தேன்.

சும்மா தரையில் விட்டால் என்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. அரை டன் எடையுள்ள குதிரை ஒரு நாளில் 15 கிலோவுக்கு மேல் லத்தி போடும். எட்டு, ஒன்பது லிட்டர் மூத்திரம் விடும். சிமெண்டுத் தரையில் அது தேங்கி, கிருமிகள் மூத்திரத்தில் உள்ள யூரியாவை உடைத்து அமோனியா கிளம்பும். அது குதிரையின் மூச்சுக்குழாயை அரிக்கும். ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதி கறுத்து அழுகும். குதிரை நின்றபடி கண்ணயரும் என்பது உண்மைதான். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்கு அது தினமும் அரை மணி நேரம், ஒரு மணி நேரமாவது படுத்தாக வேண்டும். தரை பிடிக்கவில்லை என்றால் படுக்காது. பல நாள் படுக்காத குதிரை நின்ற இடத்திலேயே முட்டி மடங்கிச் சரியும். அப்பா அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார்.

வைக்கோலில் தொடங்கினோம்

செபராங் பிறையில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. பெனாந்தி பக்கம் போனால் ரோட்டின் இரு பக்கமும் வயல், ஆண்டுக்கு இரண்டு அறுப்பு. சின்னக் கட்டு ஒன்று ஏழு ரிங்கிட், வீட்டுக்கே கொண்டுவந்து போட்டார்கள். நாளுக்கு ஒரு கட்டு மாற்ற வேண்டும், மாதம் 210 ரிங்கிட். பார்க்க அழகாக இருந்தது. அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும். "ராஜா மாதிரி படுக்கும் பாப்பா" என்றார்.

வந்த குதிரை படுக்கையில் பாதியைத் தின்றது, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். மழை மாதத்தில் வந்த கட்டுகள் உள்ளே ஈரமாக இருந்தன. பிரித்தால் சாம்பல் நிறத்தில் தூசு கிளம்பும், அது தூசு இல்லை, பூஞ்சை. இரண்டு வாரத்தில் குதிரை இருமத் தொடங்கியது. மருத்துவர் வந்து போனதற்கும் மருந்துக்கும் 350 ரிங்கிட். அந்த மாதம் வைக்கோலின் உண்மையான விலை 560 ரிங்கிட் என்று நோட்டில் எழுதினேன். விற்றவரைக் குறை சொல்ல மாட்டேன், பிரித்து முகர்ந்து பார்க்காமல் வாங்கியது நாங்கள்தான். நம் ஊர் ஈரப்பதத்தில் வைக்கோலை மாதக்கணக்கில் காயவைத்து வைத்துக்கொள்ள நல்ல கொட்டகை வேண்டும். அது இல்லாதவர்களுக்கு வைக்கோல் சரிவராது.

அடுத்தது மரத்தூள். சாக்கு நான்கு ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. ஒரே வாரம்தான் போட்டோம். நன்றாக உறிஞ்சுகிறது, ஆனால் குதிரை காலை மாற்றி வைத்தாலே தூள் பறக்கிறது. ஏற்கெனவே இருமிய குதிரைக்கு அது ஆகாது.

அதனால் இழைப்புச் சுருளுக்குப் போனோம். மரப்பட்டறையில் இழைப்பு எந்திரம் சீவித் தள்ளும் மெல்லிய சுருள்கள் இவை. தூசு குறைவு, மெத்தென்று இருக்கும், உறிஞ்சும், குதிரை தின்னாது. பெரிய சாக்கு பத்து ரிங்கிட். வாரம் ஐந்து சாக்கு, மாதம் 220 ரிங்கிட். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எந்த மரத்தின் சுருள் என்று கேட்டு வாங்குங்கள். தளவாடத் தொழிற்சாலைகளில் பிளைவுட்டும் அழுத்திய பலகையும் அறுப்பார்கள், அவற்றில் பசை இருக்கும். ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காமலிருக்க போரான் உப்பில் ஊறவைப்பது வழக்கம். "மருந்து வைக்காத மரம், பசை இல்லாத மரம், சாயம் இல்லாத மரம். இல்லை என்றால் வேண்டாம்" என்று அப்பா பட்டறைக்காரரிடம் மூன்று முறை சொன்னார்.

சுருளோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை.

வெளியே போவதற்கும் விலை

வைக்கோல் போட்ட காலத்தில் லாயத்திலிருந்து வாரிய குப்பையைப் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். இலவசமாகக் கிடைக்கும் உரம். சுருளுக்கு மாறிய பிறகு இரண்டு தடவை எடுத்தார், பிறகு வரவில்லை. போய்க் கேட்டால், "கீரை மஞ்சளாகிவிட்டது" என்றார். காரணம் இருக்கிறது. மரம் மக்குவதற்கு நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். மரத்தில் அது மிகக் குறைவு. அதனால் மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். மாதக்கணக்கில் மக்கவைத்துப் போட்டால் பரவாயில்லை, பச்சையாகப் போட்டால் கேடு.

குவியல் வளர்ந்தது, ஈ வந்தது, சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தார். லோரி பிடித்து அள்ளிப் போக ஒரு நடைக்கு 80 ரிங்கிட், மாதம் இரண்டு நடை. சுருளின் செலவு 220 இல்லை, 380. சண்டை வந்தது இந்த மாதத்தில்தான்.

நோட்டில் அதுவரை ஒரே வரிசை இருந்தது: வாங்கிய விலை. அன்று இரவு இன்னும் மூன்று வரிசை போட்டேன். வெளியே அனுப்பும் செலவு, கூட்டி வார ஆகும் நேரம், நோய்ச் செலவு. நாலையும் கூட்டியதும் எல்லாப் பொருளும் இடம் மாறி நின்றன. மலிவு என்று நினைத்தது மேலே போனது, விலை அதிகம் என்று ஒதுக்கியது கீழே வந்தது. கோழி, ஆடு, முயல் வளர்ப்பவர்களும் இதே நாலு வரிசையைப் போட்டுப் பார்க்கலாம்.

பை பையாக விற்கும் மரத்துகள் உருண்டைகளையும் கணக்குப் போட்டேன். தண்ணீர் தெளித்தால் உப்பி உதிரும், உறிஞ்சுவதில் அதற்கு இணை இல்லை, குப்பையும் கொஞ்சம்தான் சேரும். ஆனால் பை 28 ரிங்கிட், மாதம் ஒன்பது பை, 252 ரிங்கிட். எங்களுக்குத் தாங்காது.

உமியும் ரப்பர் பாயும்

உமியைச் சொன்னது சித்தப்பா. நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அரிசி ஆலைப் பக்கம் மலை மாதிரி குவிந்து கிடக்கும். ஆலையில் நின்ற மலாய்க்காரப் பையனிடம் அப்பா "செக்காம்" வேண்டும் என்றதும் அவன் சிரித்துவிட்டு, "எத்தனை சாக்கு பாக்சிக்?" என்று கேட்டான். சாக்கு மூன்று ரிங்கிட். வாரம் எட்டுச் சாக்கு போட்டுப் பார்த்தோம், மாதம் 105. குப்பையையும் தோட்டக்காரர் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார், உமி கலந்தால் மண் இளகும்.

ஆனால் உமி உறிஞ்சாது. அதன் மேல்தோலில் மணற்சத்து அதிகம், தண்ணீர் வழிந்து அடியில்தான் தேங்கும். மேலே காய்ந்து அழகாக இருக்கும், கையை விட்டால் கீழே சொதசொதவென்று இருக்கும். மூன்றாவது வாரம் அப்பா பின்னங்காலைத் தூக்கி முகர்ந்துவிட்டு, "குளம்பு நாறுது" என்றார். நல்ல வேளை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம்.

கடைசியில் கை கொடுத்தது, நான் விலையைக் கேட்டதும் வேண்டாம் என்று சொன்ன கனமான ரப்பர் பாய். ஆறடிக்கு நாலடி, ஒன்று 180 ரிங்கிட். 144 சதுர அடி லாயத்துக்குச் சரியாக ஆறு பாய், 1,080 ரிங்கிட். எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்குப் பதினோரு ரிங்கிட்தான். தரை மெத்தென்று இருப்பதால் படுக்கை கனமாகப் போட வேண்டியதில்லை. வெறும் பாயில் மட்டும் நிறுத்தினால் நடக்காது. மூத்திரம் தெறித்துக் காலில் படுவதைக் குதிரை வெறுக்கும், அடக்கி வைத்துக்கொள்ளும். அதனால் அது வழக்கமாக மூத்திரம் விடும் நடுப்பகுதியில் சுருள், சுற்றி ஓரங்களில் உமி. வாரம் சுருள் இரண்டு சாக்கு, உமி இரண்டு சாக்கு. பாயையும் சேர்த்தால் மாதம் சுமார் 125 ரிங்கிட்.

குப்பையில் மரம் குறைந்ததால், மூடி வைத்து மூன்று மாதம் மக்கவிட்டுக் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகத் தோட்டக்காரர் சொன்னார். லோரிக் கூலி நின்றது. பாயின் ஒட்டுகளில் ஈரம் இறங்கும், மாதம் ஒரு முறை தூக்கிக் கழுவ வேண்டும். ஒரு பாய் 40 கிலோவுக்கு மேல் கனம், இரண்டு பேர் இல்லாமல் ஆகாது. அந்த இரண்டாவது ஆள் என் கணவர்தான். முனகிக்கொண்டே தூக்குகிறார், குதிரையைக் கொடுத்துவிடும் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

இந்த விலைகள் எங்கள் நோட்டில் உள்ளவை. உங்கள் ஊரில், உங்கள் ஆலையில் வேறாக இருக்கும். வரிசைகள் மட்டும் மாறாது.

அப்பா சொல்லித்தந்த இரண்டு விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். லாயத்தில் வாடை இருக்கிறதா என்று நின்றுகொண்டு பார்க்கக் கூடாது. குந்தி உட்கார்ந்து, படுத்திருக்கும் குதிரையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அங்கே நம் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். கண் எரிந்தால் படுக்கை மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. வாடைக்குச் சுண்ணாம்பு தூவும் பழக்கமும் வேண்டாம், நீற்றிய சுண்ணாம்பு குளம்பைச் சுடும், அமோனியாவை இன்னும் கிளப்பிவிடும். கொசுவர்த்தியை லாயத்துக்குள் ஏற்றுவது பற்றி நான் கேட்டபோது அவர் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. கீழே கிடப்பதெல்லாம் நெருப்புக்குத் தீனி.

இப்போது காலை ஆறரை மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாச்சாங் பூபோக் போவார். போய்ச் சேர்ந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். குதிரையின் முகம் இருக்காது, விலா மட்டும்தான். அதில் உமி ஒட்டியிருந்தால் இரவு படுத்துத் தூங்கியிருக்கிறது. இன்று காலை வந்த படத்தில் வயிறு முழுக்க உமி, பிடரியிலும் இரண்டு சுருள்.