திரான்சிற்றர் விரியலாக்கியிற் கோடல்: மலையகச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

மின்சாரம் எட்டாதிருந்த காலத்தில், லயன் அறைகளுக்கு உலகச் செய்தியைக் கொணர்ந்தது பற்றரி வானொலிப் பெட்டியே. அதன் உயிருறுப்பாகிய திரான்சிற்றர் 1947 டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகி, 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த சட்டமும் அவ்வாண்டினதே.

சிலிக்கன் திரான்சிற்றரின் அடிக்கும் காலிக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ற்று இருந்தாலன்றி ஓட்டம் குறிப்பிடத்தக்க அளவிற் பாயாது. ஒலிவாங்கி தரும் சைகையோ சில மில்லிவோல்ற்று மட்டுமே. அதிலும் பாதி மறைத்திசையிலானது. ஆகவே சைகை வருமுன்னரே ஒரு நிலையான ஓட்டத்தைப் பாயவிட்டு, சேகரிப்பானின் அழுத்தத்தை இடைநிலையில் நிறுத்திவைத்தல் வேண்டும். இதுவே கோடல் எனப்படும்.

வழங்கலிலிருந்து அடிக்கு ஒரேயொரு பெருந்தடையியை இணைப்பது மிக எளிய வழி. 9 வோல்ற்று வழங்கலில் 820 கிலோ ஓம் தடையி ஏறத்தாழ 10 மைக்கிரோ அம்பியரை அடிக்குத் தரும். ஓட்ட நயம் 110 ஆயின் சேகரிப்பான் ஓட்டம் 1.1 மில்லியம்பியர், 3.9 கிலோ ஓம் சுமையில் 4.3 வோல்ற்று விழும். நன்று. ஆனால் பீசீ 108 என்னும் ஒரே இலக்கத் திரான்சிற்றரின் நயம் 110 முதல் 800 வரை வேறுபடலாம். பழுதுபார்ப்பவர் 300 நயமுள்ள ஒன்றை மாற்றியிட்டால், சுமையில் 12 வோல்ற்று விழவேண்டும், இருப்பதோ 9. திரான்சிற்றர் நிரம்பலடைந்து, குரல் நசுங்கும். "அதே நம்பர்தானே போட்டேன்" என்று அவர் திகைப்பதில் நியாயமுண்டு. பிழை அவருடையதன்று, சுற்றினுடையது.

இதற்கு மாற்று, அழுத்தப் பிரிப்பியும் காலித் தடையியும் ஆகும். 47, 10 கிலோ ஓம் தடையிகள் அடியை ஏறத்தாழ 1.6 வோல்ற்றில் வைக்க, காலியில் 1 கிலோ ஓம் இடப்படும். ஓட்டம் கூட முயன்றால் காலியின் அழுத்தம் உயர்ந்து, அடி–காலி வேறுபாட்டைக் குறைத்து, அம்முயற்சியைத் தானே தடுக்கும். நயம் 110இலிருந்து 300 ஆனாலும் ஓட்டம் 0.90இலிருந்து 0.95 மில்லியம்பியருக்கே மாறும். காலித் தடையி விரியலையும் நான்கு மடங்களவிற்குக் குறைத்துவிடும் என்பதால், அதற்குச் சமாந்தரமாக ஒரு கொள்ளளவியை இணைத்துச் சைகைக்கு மட்டும் வழிவிடுவர்.

வெப்பநிலைதான் மலையகத்திற் பெரிய சோதனை. நுவரெலியாவில் மாசிமாதக் காமன் கூத்து இரவில் 8 பாகையில் ஒலித்த விரியலாக்கி, அற்றன் மேதினக் கூட்டத்தின் நண்பகல் வெயிலில், பெட்டிக்குள் 38 பாகையை எட்டுவதாகக் கொள்வோம். பாகைக்கு 2 மில்லிவோல்ற்று வீதம், தேவையான அடி–காலி அழுத்தம் 60 மில்லிவோல்ற்று குறையும். அவ்வழுத்தத்தை மாறாது நிறுத்திய சுற்றில் ஓட்டம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். காலித் தடையியுள்ள சுற்றிலோ 0.06 மில்லியம்பியரே கூடும்.

பயப்புக் கட்டத்தின் சிக்கல் வேறு. அங்கு இரு திரான்சிற்றர்கள் மாறிமாறி இயங்கும். கோடல் குறைந்தால், கைமாறும் கணத்தில் ஒலி கரகரக்கும். கூட்டினால், ஒலியற்ற வேளையிலும் பற்றரி கரையும். நாட்சம்பளத்திற் பற்றரி வாங்கிய வீட்டார், சற்றுக் கரகரத்தாலும் பற்றரி நிலைக்கட்டும் என்று தீர்மானித்திருந்தால், அதனைக் குறைகூற இயலாது.