கோப்பு ஏற்கும் வாயில்: வலைப் படிவ அமைப்பில் கவனிக்க வேண்டுவன

களத்தில் எடுத்த புகைப்படத்தையோ, பள்ளியில் தொகுத்த அட்டவணையையோ வலைப் படிவத்தின் வழியே தலைமை அலுவலகத்திற்கு அனுப்புவது இன்று அன்றாட அலுவலாகிவிட்டது. இம்முறையை நெபெல், மாசின்டர் என்னும் இருவர் 1995ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வரையறுத்து வெளியிட்டனர். இதன்படி, எழுத்து விவரங்களும் கோப்பும் எல்லைக் குறிகளால் பிரிக்கப்பட்டு ஒரே கட்டாகச் செல்கின்றன.

அக்கட்டைப் பிரித்துக் கோப்பை ஏற்கும் உறுப்பை வலைச் செயலிச் சட்டகங்கள் ஆயத்தமாக அளிக்கின்றன. 2005ஆம் ஆண்டில் வெளியான ஜாங்கோவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வேறு ஏற்பாடு செய்யப்படாவிடில், 2.5 மெகாபைட்டுக்கு மேற்படாத கோப்பை அது நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதனினும் பெரியதைத் தற்காலிகமாக வட்டில் எழுதுகிறது. இவ்வாறு செய்யாவிடில், பலர் ஒரே வேளையில் பெரிய கோப்புகளை அனுப்புங்கால் நினைவகம் நிரம்பிச் சர்வர் செயலற்றுப்போகக்கூடும்.

சட்டகம் இவ்வளவு செய்தாலும் அமைப்பாளரின் பொறுப்பு தீர்வதில்லை. கோப்பின் பெயரும் வகையும் அனுப்புவோர் கூறுவனவே. அவற்றை அப்படியே நம்புதல் கூடாது. படத்தின் பெயரைத் தாங்கித் தீய நிரல் வரக்கூடும். ஜேபெக் படம் 255, 216 என்னும் மதிப்புடைய இரு பைட்டுகளுடன் தொடங்கும். இத்தகைய அடையாளங்களைச் சர்வரே சோதித்தல் வேண்டும். தொடக்கம் பொருந்தியதனாலேயே கோப்பு தூயதென்று கொள்ளலாகாது. ஆதலால் அதற்குப் புதுப் பெயரிட்டு, நிரல் இயங்க இயலாத தனியிடத்தில் வைப்பதே முறை. உலாவியில் நிகழும் சோதனை அனுப்புவோரின் வசதிக்கானதேயன்றிப் பாதுகாப்புக்கானதன்று.

பாதுகாப்பைப் போலவே அனுப்புவோரின் உழைப்பும் பேணத்தக்கது. படிவத்தில் ஒரு தேதி பிழையாயின் படிவம் திரும்பிவரும். எழுத்து விவரங்கள் எஞ்சியிருப்பினும் கோப்பு நீங்கியிருக்கும். பயனாளரின் கணினியிலுள்ள கோப்பை வலைப்பக்கம் தானாகவே தேர்ந்துகொள்ள உலாவிகள் இடந்தருவதில்லை என்பதே இதற்குக் காரணம். வலுவற்ற இணைப்பில் அரைமணி நேரம் காத்திருந்து அனுப்பிய களப்பணியாளர், தம் வேலையை மீண்டும் தொடங்க நேரிடும். கோப்பைத் தனியே முன்னதாக ஏற்று, அதற்குரிய அடையாள எண்ணைப் படிவத்தில் வைத்துக்கொண்டால் இத்தொல்லை நீங்கும். பெரிய கோப்பைப் பகுதி பகுதியாக ஏற்பின், இணைப்பு அறுந்த இடத்திலிருந்தே தொடரலாம்.

அளவு வரம்பையும் ஏற்கத்தக்க வகைகளையும் கோப்பைத் தேர்வதற்கு முன்னரே அறிவித்தல் நலம். மறுக்க நேரின், காரணத்தைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். வாயிலில் காவலும் வேண்டும். தொலைவிலிருந்து வருவோர் வீணே திரும்பாதிருக்க வழியும் வேண்டும்.