முதுகுன்றத்து மண்ணும் இளஞ்சாரணர் நடையும்

விருத்தாசலம் என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவது பீங்கான். விளக்குகள், பொம்மைகள், மின்கம்பிக்குரிய காப்புப் பொருள்கள் எனப் பலவும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளியூர் செல்கின்றன. ஆயினும் அவற்றுள் ஒன்றைக் கையில் ஏந்தும் நம் மாணவன், அது எம்மண்ணால் ஆயது, அம்மண் எவ்வாறு பிறந்தது என்று கேட்பது அரிது. தூர நாடுகளின் தலைநகரங்களை ஒப்புவிக்கத் தெரிந்தவன் தன் காலடி நிலத்தை அறியாதிருப்பது கல்விக்குக் குறையே. அக்குறையைத் தீர்க்கும் எளிய வழி, சாரணர் இயக்கம் வகுத்துள்ள இயற்கை நடைப்பயணமாகும். அதனை இவ்வூரில் எங்ஙனம் நடத்தலாம் என்பதை ஈண்டுக் காண்போம்.

சாரணர் நெறி

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு பேடன் பவல் நடத்திய பாசறையே இவ்வியக்கத்தின் தோற்றுவாய். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கு ஒரே கூடாரத்தில் தங்கினர். அடுத்த ஆண்டில் அவர்தம் நூல் வெளிவர, இயக்கம் பல நாடுகளிலும் பரவியது. இந்தியாவில் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பிள்ளைகளுக்கே இடம் இருந்தது. பின்னர் அன்னி பெசண்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனச் சென்னையில் தனி அமைப்பைத் தோற்றுவித்தார். விடுதலைக்குப்பின், 1950 நவம்பர் 7ஆம் நாள், பல பிரிவுகளும் ஒன்றிணைந்து பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின.

ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியும், அவர்களுள் ஒருவனே அணித்தலைவனாக இருப்பதும் இந்நெறியின் உயிர்நாடி. எனவே நடைப்பயணத்தில் ஆசிரியர் முன்னே சென்று விரிவுரை ஆற்றுதல் கூடாது. அணித்தலைவன் வழிநடத்த, சிறுவர் தாமே கண்டு குறிக்க, ஆசிரியர் பின்னே வருதல் வேண்டும்.

எவ்வாறு குறிப்பது? நம் தொல்காப்பியமே வழிகாட்டுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். குறிப்பேட்டில் இவற்றையே தலைப்புகளாக இட்டுக்கொண்டால், இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தது வெட்டவெளியில் பொருள் பெறும்.

முதல் நிலை: ஆற்றங்கரை

கல்வராயன் மலையில் தோன்றி வெள்ளாற்றில் கலக்கும் மணிமுத்தாறு இவ்வூரை ஒட்டி ஓடுகிறது. கரையில் ஒரு பிடி மணலை எடுத்து உருப்பெருக்கியால் நோக்கச் சொல்லலாம். கண்ணாடிபோல் ஒளிர்வது குவார்ட்சு. மங்கிய வெண்மையோ இளஞ்சிவப்போ கொண்டது பெல்ஸ்பார். தகடாய் மினுங்குவது மைக்கா. மூன்றும் மேற்கேயுள்ள பழம்பாறைகள் சிதைந்து வந்தவை. இவற்றுள் பெல்ஸ்பார் மழைநீரால் நெடுங்காலம் அரிக்கப்பட்டுக் களிமண்ணாக மாறுகிறது. ஆற்று மணலும் பீங்கான் களியும் ஒரே பாறையின் மக்கள் என்பதைச் சிறுவர் இங்கு உணர்வர்.

ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். விருத்தாசலம் என்பதும் அப்பொருளையே தரும் வடசொல். இப்பகுதியின் தொன்மைக்கு நிலத்தினுள்ளும் சான்று உண்டு. 1840களில் கே, கன்லிப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கடல்வாழ் உயிர்களின் கல்லெச்சங்களைத் திரட்டினர். எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர் அவற்றை ஆய்ந்து 1846இல் வெளியிட்டார். இன்று கடற்கரைக்கு நெடுந்தொலைவில் உள்ள இந்நிலப்பகுதியில் ஒருகாலத்தில் கடல் அலைபாய்ந்தது என்பதற்கு அவையே சான்று.

இரண்டாம் நிலை: செம்புலம்

ஊரின் கிழக்கே நெய்வேலி செல்லும் திசையில் நிலம் சிவக்கிறது. இரும்பு ஆக்சைடே அச்சிவப்புக்குக் காரணம். செம்மண்ணில் விழுந்த மழைநீரை உவமையாக்கியே பெயர்பெற்ற செம்புலப்பெயனீரார் குறுந்தொகைப் புலவர் ஆவார். ஒரு குவளை நீரை இந்நிலத்தில் ஊற்றிக் காட்டினால், அவ்வுவமையின் நுட்பம் உரையின்றியே விளங்கும்.

இங்குத் தழைக்கும் முந்திரி நம் நாட்டு மரமன்று. பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொணர்ந்தது. இன்றோ இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரங்களுள் ஒன்று. இவ்வூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு நிலையம் உருவாக்கிய முந்திரி, நிலக்கடலை வகைகள் ‘வி.ஆர்.ஐ.’ என்ற எழுத்துகளால் உழவரிடையே வழங்குகின்றன. பச்சை முந்திரிக்கொட்டையைப் பல்லால் கடித்தல் ஆகாது. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் வாயையும் தோலையும் புண்ணாக்கும்.

இச்செந்நிலத்தின் ஆழத்தில்தான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அதனை எடுக்க மேற்படிவுகளை அகழ்ந்தபோது வெண்களிமண்ணும் கிடைத்தது. விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலுக்கு அக்களிமண் துணையாயிற்று.

மூன்றாம் நிலை: சூளை

உரிமையாளரின் இசைவை முன்னரே பெற்று, பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கூடத்தைக் காண்பது நடையின் நிறைவாக அமையும். களிமண், பெல்ஸ்பார், குவார்ட்சு ஆகியவை நுண்ணிதாய் அரைக்கப்பட்டுக் குழம்பாகின்றன. குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் களி படிந்து உருவம் பெறுகிறது. உலர்த்தி, மெருகுப் பூச்சு இட்டு, 1200 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில் சுடுகின்றனர். காலையில் மணலில் கண்ட அதே கனிமங்கள் மாலையில் கலமாகி நிற்பதைச் சிறுவர் காண்பர்.

‘சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா?’ என்பது நம் பழமொழி. களிமண்ணின் அமைப்பிலேயே பிணைந்துள்ள நீர் ஏறத்தாழ 500, 600 பாகையில் நீங்கிவிடும். அதன்பின் எத்துணை நீர் வார்த்தாலும் அது மீண்டும் குழையாது. முன்னோர் அனுபவத்தால் கண்டதற்கு அறிவியல் தரும் விளக்கம் இதுவே. கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யக் குயவரை வேண்டும் புறநானூற்றுப் பாடலையும் (256) இவ்விடத்தில் எடுத்துரைக்கலாம்.

பாதுகாப்பே முதற்கடமை

பெற்றோர் நம்மை நம்பி ஒப்படைக்கும் பிள்ளைகளை ஊறின்றித் திருப்பி ஒப்படைத்தலே பயணத்தின் முதல் வெற்றி; ஏனைய யாவும் அதன் பின்னவை. எனவே சில விதிகளை வற்புறுத்த விழைகிறோம்.

சனவரி, பிப்ரவரித் திங்களில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திறந்தவெளிப் பகுதிகளை முடித்தல் நலம். மூன்று இடங்களையும் நடந்தே கடக்க வேண்டுவதில்லை. இடையே பேருந்தில் செல்வதில் இழுக்கில்லை. புறப்படும்போதும் ஒவ்வொரு நிலையிலும் தலைகளை எண்ணுதல் வேண்டும். இருவர் இருவராகவே பிள்ளைகள் இயங்க வேண்டும். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். மேலே கணுக்கால் அளவாகத் தோன்றும் நீர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும். ஆகவே நீரில் இறங்க ஒருபோதும் இசைதல் கூடாது.

சோர்வுற்றவர்க்கு, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறு கரண்டி சருக்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து தரலாம். பாம்பு தீண்டினால் கடிவாயை அறுத்தலும் இறுகக் கட்டுதலும் தீங்கு. கடியுண்டவரை அசையாது வைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். பிற்பகல் தொழுகைக்கும் உணவுக்கும் ஓய்வுக்கும் நேரம் ஒதுக்கியே நிரல் வகுக்க வேண்டும்.

நிறைவுரை

கல்லையும் களியையும் கண்டு திரும்பும் சிறுவன், ஆற்றில் குப்பை கொட்டுவோரைக் கண்டு வாளா இரான். சூளையில் வியர்வை சிந்துவோரை எளியர் என்று இகழான். இவ்விரண்டும் வாய்க்குமாயின் நடையின் பயன் முழுமை பெற்றதெனலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு நாளும் சில உருப்பெருக்கிகளும் பொறுப்புள்ள ஆசிரியர் இருவரும் போதும். ஊர்ப் பெரியோர் துணைநிற்க, ஆண்டுக்கொரு முறையேனும் நம் கல்விக்கூடங்கள் இதனை மேற்கொள்ளுமாக.